தெரபிக்குப் போயும் பதற்றம் குறையவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதற்றம், மனச்சோர்வு என்று தெரபிஸ்ட்டிடம் போகிறவர் முதல் நாளில் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்: "இது போகணும்." நியாயமான ஆசைதான். ஆனால் இப்போதே, இந்த நிமிஷமே மனசு லேசாக வேண்டும் என்று நாம் செய்கிற காரியங்கள்தான் பதற்றத்தை வருஷக்கணக்கில் வளர்த்துவிடுகின்றன. தெரபியில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த அவசரத்தில் பிறப்பவை.

முதலில் சின்னது ஒன்று: அறிவுரையை எதிர்பார்த்துப் போவது. வேலையை விடலாமா, இந்த உறவைத் தொடரலாமா என்று தெரபிஸ்ட் முடிவெடுத்துத் தரமாட்டார். அறிவுரை சொல்லத்தான் சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்களே. அவர் கேட்பது வேறு. என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, உடம்பு எப்படி இருந்தது, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கத் தொடங்கிய முறையிலிருந்து வளர்ந்த சிபிடி என்கிற சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் ஆராய்ந்து மாற்றும் பேச்சு சிகிச்சை), இந்த நாலு கேள்விகளைச் சுற்றித்தான் நடக்கிறது. "பதற்றமா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பிடிமானம் கிடைக்காது. "செவ்வாய்க்கிழமை மீட்டிங்குக்கு முன்னால் கை வியர்த்தது, உளறிவிடுவேன் என்று தோன்றியது, லீவு சொல்லிவிட்டேன்" என்றால் அதை வைத்து வேலை செய்யலாம்.

இப்போது பெரிய தவறுக்கு வருவோம். அது தவிர்த்தல். பயப்படும் இடத்துக்குப் போகாமல் இருந்தால் உடனே நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான், அடுத்த முறையும் போகாதே என்று மூளைக்குக் கற்றுத்தருகிறது. இது பலருக்கும் தெரிந்த சங்கதி. அதிகம் பேருக்குத் தெரியாதது, நேரில் போய்க்கொண்டே தவிர்க்கவும் முடியும் என்பது.

லிஃப்ட்டில் போகப் பயப்படும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உள்ளே மயங்கி விழுந்துவிடுவோம் என்பது அவர் பயம். துணிந்து ஏறுகிறார். ஆனால் ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் மனைவியின் நம்பரை எடுத்து வைத்த போன், முதுகு சுவரில் சாய்ந்திருக்கிறது, சட்டைப் பையில் மாத்திரை. மயக்கம் வரவில்லை, இறங்கிவிடுகிறார். லிஃப்ட்டில் மயக்கம் வராது என்று அவர் மூளை கற்றுக்கொண்டதா? இல்லை. சுவரில் சாய்ந்ததால் பிழைத்தோம் என்றுதான் குறித்துக்கொள்கிறது. அதனால் பத்து தடவை ஏறினாலும் பயம் அப்படியே இருக்கிறது. இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்பார்கள். தெரபிஸ்ட் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி, ஒவ்வொன்றாகக் கைவிடச் சொல்வார். ஏறுவதற்கு முன் "என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள்" என்று எழுதச் சொல்வார். இறங்கியதும் என்ன நடந்தது என்று அதன் பக்கத்திலேயே எழுதச் சொல்வார். இந்தக் காகித வேலையைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பலன் பாதி அதில்தான் இருக்கிறது.

மூச்சுப் பயிற்சிகூட இந்த வலையில் மாட்டும். ஆழ்ந்து மூச்சு விடுவது தப்பில்லை. ஆனால் "மூச்சை அடக்கி விட்டதால்தான் மாரடைப்பு வரவில்லை" என்று ஒருவர் நம்ப ஆரம்பித்தால் அதுவும் ஒரு தண்ணீர் பாட்டில்தான். அதனால்தான் திடீர் பீதித் தாக்குதலுக்கான சிகிச்சையில் தலைகீழான வேலை ஒன்று நடக்கும். ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். நாற்காலியில் சுற்றச் சொல்வார்கள், நின்ற இடத்தில் ஓடச் சொல்வார்கள். படபடப்பும் தலைசுற்றலும் வரும், பிறகு தானாகவே இறங்கும். இதயக் கோளாறு, ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். வீட்டில் தனியாக இதை ஆரம்பிக்க வேண்டாம்.

ஒன்றும் ஆகாது என்று பிறரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பதும் இதே ரகம். "எனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று ஒரு நாளில் பலமுறை கேட்பது, இணையத்தில் அறிகுறிகளைத் தேடுவது, தெரபிஸ்ட்டுக்கே இரவில் மெசேஜ் அனுப்புவது. பதில் கிடைத்த சற்று நேரத்துக்கு ஆறுதல், பிறகு மறுபடி சந்தேகம். இதில் வீட்டாருக்கும் பங்குண்டு. பாசத்தில் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிச் சொல்லியே பழக்கிவிடுகிறார்கள். "உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது, ஆனா இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்னு பேசி வச்சிருக்கோம்ல" என்று சொல்ல, தெரபிஸ்ட் சில சமயம் வீட்டாருக்கும் கற்றுத்தருவார். கேட்க இரக்கமில்லாதது போலத் தோன்றும். என்னைக் கேட்டால், வீட்டார் செய்யக்கூடிய உதவிகளில் இது பெரியது.

மனச்சோர்வில் தவறு வேறு உருவில் வரும்: மனசு வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருப்பது. சோர்வில் மனசு முதலில் வராது. செய்தால்தான் பின்னால் வரும், அதுவும் தாமதமாக. அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழு 1996ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பெரிய பேச்சானது. சிகிச்சையில் எண்ணங்களை ஆராயும் பகுதியை விட்டுவிட்டு, அன்றாடச் செயல்களைத் திரும்பத் தொடங்க வைப்பதை மட்டும் செய்தபோதும் முழு சிகிச்சைக்கு ஏறக்குறைய இணையான பலன் கிடைத்தது.

ஆனால் செயல் என்றதும் தினமும் ஒரு மணி நேர உடற்பயிற்சி, அதிகாலை எழுவது என்று பட்டியல் போட்டுவிட்டு மூன்றாம் நாள் சுருண்டு படுத்துவிடுகிறார்கள். "பார், என்னால் முடியாது" என்பதற்குச் சோர்வுக்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிடுகிறது. தெரபிஸ்ட் கொடுக்கும் அட்டவணை பார்க்கவே அற்பமாக இருக்கும். பதினோரு மணிக்குக் குளியல், மாலையில் பத்து நிமிடம் நடை, நண்பர் ஒருவருக்கு ஒரு வரி மெசேஜ். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட வேண்டும். நடைக்கு முன் 2, பின் 3. அந்த ஒரு மார்க்தான் முக்கியம். ஏனென்றால் வார இறுதியில் கேட்டால், "முழு வாரமும் மோசம்" என்றுதான் சோர்ந்த மனம் சொல்லும். காகிதத்தில் வேறு கதை இருக்கும்.

நேர்மறைச் சிந்தனை என்ற பெயரில் நடக்கும் குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். மேலாளர் உங்கள் நீண்ட மெயிலுக்கு "ஓகே" என்று மட்டும் பதில் போடுகிறார். "கோபமாக இருக்கிறார், வேலை போகப்போகிறது" என்று மனம் ஓடுகிறது. "இல்லை, எல்லாம் நல்லதே நடக்கும்" என்று அதன் மேல் பூசுவது சிபிடி அல்ல. அவர் மற்றவர்களுக்கு எப்படிப் பதில் போடுகிறார், போன மாதம் இதேபோல் வந்தபோது என்ன ஆனது, நிஜமாகவே கோபம் என்றால் அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்பதுதான் வேலை. சில சமயம் ஆராய்ந்து பார்த்தால் பயம் சரியாகவே இருக்கும். அப்போது தேவை ஆறுதல் அல்ல, திட்டம். எண்ணத்தை அடியோடு துரத்தப் பார்ப்பதும் எதிர்விளைவையே தரும். வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று ஆட்களிடம் சொல்லி உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987ல் வெளியிட்ட பரிசோதனையில், அவர்களால் கரடியை விரட்ட முடியவில்லை.

தெரபிஸ்ட்டிடம் மறைப்பது அடுத்தது. வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று வெட்கப்பட்டு அப்பாயின்ட்மென்ட்டையே ரத்து செய்வார்கள். ஏன் செய்ய முடியவில்லை என்பதுதான் அன்றைக்குப் பேச வேண்டிய விஷயமே. இரவில் குடிப்பதைச் சொல்லமாட்டார்கள். மது அப்போது அமைதியாக்கி, மறுநாள் காலையில் பதற்றத்தைக் கூட்டும். தெரபிஸ்ட் சொன்ன ஏதோ ஒன்று புண்படுத்தியிருக்கும், சொல்லாமலே நின்றுவிடுவார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். அதைப் பற்றிக் கேட்பதாலோ பேசுவதாலோ எண்ணம் வலுப்பதில்லை. நீங்கள் சொல்வது பொதுவாக ரகசியமாகவே இருக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து போன்ற சமயங்களில்தான் வேறு ஆட்களைச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த எண்ணம் இப்போதே அழுத்தமாக இருந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அவசர உதவியை நாடுங்கள்.

மருந்து விஷயத்தில் இரண்டு பக்கமும் பிடிவாதம் உண்டு. மாத்திரை சாப்பிட்டால் பலவீனம் என்பார் ஒருவர், மாத்திரை போதும், பேசி என்ன ஆகப்போகிறது என்பார் இன்னொருவர். மனச்சோர்வு மருந்துகள் முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும்; பக்க விளைவுதான் முதலில் வரும். நாலாம் நாளே வேலை செய்யவில்லை என்று விடுவதும், நன்றாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. குறைப்பதென்றால் டாக்டரோடு பேசி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். முன்பு எப்போதாவது, தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்த நாட்கள் இருந்திருந்தால் மருந்து தொடங்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள். இப்படி அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறாக இருந்தால் சிகிச்சையே மாறும். தைராய்டு கோளாறும் இதே போன்ற சோர்வையும் பதற்றத்தையும் தரலாம் என்பதால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக, கொஞ்சம் தேறியதும் நழுவுவது. தெரபிஸ்ட்டுகள் பலர், மனச்சோர்வின் அளவைக் காட்டும் பிஎச்க்யூ-9 என்ற படிவத்தை அவ்வப்போது நிரப்பச் சொல்வார்கள். ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண், எண்ணிக்கை குறைந்தால் நல்லது. அவரைச் சந்தோஷப்படுத்தக் குறைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், உண்மையிலேயே குறைந்ததும் காணாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். கடைசிச் சில சந்திப்புகளில்தான், சோர்வு திரும்பி வந்தால் எப்படித் தெரியும் என்று எழுதுவார்கள். போனை எடுக்காமல் விடுவது, துணி துவைக்காமல் குவிவது, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் சாக்குச் சொல்வது என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அடையாளம். அது தெரிந்தால் அந்த வாரம் முதலில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்பதும் அந்தத் தாளில் இருக்கும். பிறகு சந்திப்புகள் வாரம் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதம் ஒன்று என்று விலகும். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அந்த மாதச் சந்திப்பைத் தவிர்க்காதீர்கள். நன்றாக இருக்கும்போதுதான் இந்தத் தாளைத் தெளிவாக எழுத முடியும்.