கென்டக்கி மூதாதையரைத் தேட வழக்குக் கட்டுகளைப் பாருங்கள்

அமெரிக்காவில் 1850க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். மனைவி மக்கள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. அதனால் 1700களின் கடைசியில் இன்றைய கென்டக்கி மாநிலத்தில் குடியேறியவர்களைத் தேடுவோர் நீதிமன்றப் பதிவுகளுக்கு, அதாவது பழைய வழக்குக் கட்டுகளுக்குப் போவது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்தவை சொத்துப் பாகப்பிரிவினை வழக்குகள். உயில் எழுதாமல் ஒருவர் இறந்திருந்தால், வாரிசுகள் எல்லோரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவார்கள். கல்யாணமாகிப் போன மகளின் கணவர் பெயரும் அதில் கிடைக்கும். நிலத் தகராறுகளில் சாட்சி சொன்ன பழைய குடியேறிகள் பலர் தங்கள் வயதையும், அந்தப் பக்கம் எப்போது வந்தார்கள் என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். கென்டக்கியின் புகழ்பெற்ற ஆரம்பகாலக் குடியேறி டேனியல் பூன்கூட அப்படிச் சாட்சி சொன்னவர்தான்.

சரி, எந்த கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) தேடுவது? 1792 வரை கென்டக்கி, வர்ஜீனியா மாநிலத்தின் பகுதி. 1780ல் கென்டக்கி கவுண்டி ஃபயெட், ஜெஃபர்சன், லிங்கன் என மூன்றானது; பிறகு மேலும் பிரிந்தது. எனவே இன்றைய கவுண்டியோடு நிற்காமல் அது பிரிந்து வந்த தாய்க் கவுண்டியின் பதிவுகளையும் பாருங்கள்.

அப்புறம், வீட்டு பைபிளில் பிறந்த தேதிகள் இருந்தால், அது அச்சான ஆண்டையும் கவனியுங்கள். தேதிகள் அதற்கு முந்தையவை என்றால், பின்னாளில் எழுதிச் சேர்த்தவை. வேறொரு ஆவணத்தோடு ஒப்பிட்ட பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.