ரிசார்ட் விடுமுறையில் ஸ்நார்க்கெலிங்: படகு ஏறும் முன் பழக வேண்டியவை

கடற்கரை ரிசார்ட்டில் அறை உறுதியானதும் பலர் செய்கிற அடுத்த காரியம், போய் இறங்கிய மறுநாள் காலைக்கே ஸ்நார்க்கெலிங் (கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கும் வாயில் மூச்சுக்குழாயுமாக, நீர்மட்டத்தில் குப்புற மிதந்து கடலடியைப் பார்ப்பது) படகுக்குப் பெயர் கொடுத்துவிடுவது. என்னைக் கேட்டால் அது தலைகீழ் வரிசை. படகு இறக்கிவிடும் இடத்தில் பெரும்பாலும் கால் எட்டாது, அலை இருக்கும், உடன் வந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் நீந்திக்கொண்டிருப்பார்கள். மாஸ்க் மாட்டப் பழகுகிற இடமா அது? ரிசார்ட்டில் தங்குவதன் பெரிய வசதியே வாசலில் இடுப்பளவுத் தண்ணீர் இருப்பதுதான். முதல் இரண்டு நாட்களை அதில் கழித்துவிட்டு, படகை மூன்றாம் நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

படி 1: அறைக்கு முன் கடலைப் பாருங்கள்

விளம்பரப் படங்களில் எல்லாக் கடலும் நீலம்தான். வெறும் வெண்மணல் விரிந்த கரை குளிக்க அருமையானது. மீன் பார்க்க அவ்வளவாக உதவாது. இணைய வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பாருங்கள். கரையோரம் வெளிர்நீலம், அதையடுத்துப் பழுப்புத் திட்டுகள், பிறகு சட்டென்று கருநீலம் என்று தெரிந்தால் அங்கே பவளத்திட்டும் அது செங்குத்தாக இறங்கும் விளிம்பும் இருக்க வாய்ப்புண்டு. பழுப்பு நிறம் கடற்புல்லாகவும் இருக்கலாம் என்பதால் ரிசார்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கரையிலிருந்தே நீந்திப் போகக்கூடிய திட்டுக்கு மாலத்தீவு ரிசார்ட்டுகளில் ‘ஹவுஸ் ரீஃப்’ என்று பெயர். அந்த வசதி இருந்தால் படகே இல்லாமலும் விடுமுறை நிறைந்துவிடும்.

படி 2: முகத்துக்கு ஏற்ற மாஸ்க்

ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), குழாய், உடை எல்லாம் சுமாராக இருந்தாலும் சமாளித்துவிடலாம். மாஸ்க் ஒழுகினால் அன்றைய பொழுது போயிற்று. வாடகைக்கு எடுக்கும்போது பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்லக் காற்றை உள்ளிழுத்துப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் அது முகத்தில் ஒட்டி நின்றால் அது உங்களுக்கானது. விழுந்தால் அடுத்ததை எடுங்கள். கடைக்காரர் “பட்டையை இறுக்கினால் சரியாகிவிடும்” என்பார், நம்ப வேண்டாம். இறுக்க இறுக்கச் சிலிக்கான் விளிம்பு மடங்கி இன்னும் ஒழுகத்தான் செய்யும்.

விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே ஒற்றை முடிக்கற்றை சிக்கினால்கூட நீர் கசியும். மீசைக்காரர்களுக்கு இது நிரந்தரத் தொல்லை. விளிம்பு படும் இடத்தில் மட்டும் மீசையைக் கத்தரித்துக்கொள்ளலாம், அல்லது வாசலைன் தடவலாம். மழிக்கத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கண்ணாடியில் பனி படர்வதற்கு மிகப் பழைய மருந்து எச்சில்தான். உலர்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் துப்பி, விரலால் தேய்த்து, கடல்நீரில் ஒருமுறை மட்டும் அலசுங்கள். கூச்சமாக இருந்தால் ஒரு சொட்டுக் குழந்தை ஷாம்பு போதும். புது மாஸ்க் என்றால், தொழிற்சாலையிலிருந்து ஒட்டிவந்த மெல்லிய படலத்தைப் பற்பசையால் தேய்த்துப் போக்கிய பிறகே இதெல்லாம் பலிக்கும்.

படி 3: நின்றுகொண்டே மூச்சு

இதுதான் பாடத்தின் உயிர். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, குழாயின் வாய்ப்பகுதியைப் பல்லால் மெல்லக் கவ்வி, உதடுகளை மூடி, முகத்தை மட்டும் நீரில் தாழ்த்துங்கள். முதல் இழுப்பில் உடம்பு மறுக்கும். நீருக்குள் மூச்சு இழுக்காதே என்றே அது பிறவியிலிருந்து பழகியிருக்கிறது. அவசரப்படாமல் மெதுவாக, ஆழமாக வாயால் இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். வேகவேகமாக மேலோட்டமாக மூச்சு வாங்கினால் குழாயில் தங்கிய பழைய காற்றே திரும்பத் திரும்ப உள்ளே வரும், படபடப்பு கூடும்.

அடுத்து, வேண்டுமென்றே குழாயை நீரில் அமிழ்த்தி நிரப்புங்கள். “தூ” என்று ஒரே வீச்சில் பலமாக ஊதினால் நீர் மேலே பீறிட்டு வெளியேறும். அதற்கடுத்த மூச்சை மட்டும் எச்சரிக்கையாக இழுக்க வேண்டும், அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். மாஸ்க்குக்குள் நீர் புகுந்தால் தலையைச் சற்றே நிமிர்த்தி, மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் ஊதுங்கள். கீழ் விளிம்பு வழியாக வெளியேறிவிடும். இவ்விரண்டும் பதற்றமில்லாமல் வரும்வரை ஆழத்துக்குப் போக வேண்டாம்.

நீளமான குழாய் இருந்தால் இன்னும் ஆழமாகப் போகலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். நடக்காது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீரின் அழுத்தம் மார்பை அமுக்கி, மேலிருந்து காற்றை இழுக்கவிடாது.

படி 4: மிதப்பு

குப்புறப் படுங்கள், கைகளை விட்டுவிடுங்கள். முழங்காலை மடக்கிச் சைக்கிள் மிதிப்பதுபோல் உதைக்காமல், இடுப்பிலிருந்து மெதுவாக அசையுங்கள். ஃபின் மாட்டியபின் கரையிலிருந்து பின்பக்கமாக நடந்து இறங்குங்கள். முன்னோக்கி நடந்தால் தடுக்கும். நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு, வழிகாட்டியின் பக்கத்திலேயே, அமைதியான நீரில் மட்டும் இறங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூச்சு வாங்கினாலோ காரணமின்றிப் பயம் பிடித்தாலோ நீந்துவதை நிறுத்தி, மல்லாந்து, குழாயை எடுத்துவிட்டு, கையை உயர்த்தி ஆட்டுங்கள். நீரோட்டம் கடலுக்குள் இழுத்தால் எதிர்த்துப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலகுங்கள்.

படி 5: படகு நாள்

காலைப் படகையே கேளுங்கள். பல இடங்களில் பிற்பகலில் கடற்காற்று எழுந்து நீர் கலங்கும். குமட்டல் வரும் என்று தெரிந்தவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வந்தபிறகு போட்டுப் பயனில்லை. முதுகும் பின்னங்காலும்தான் அதிகம் வெந்துபோகும், ஆகவே முழுக்கை நீச்சல் சட்டை நல்லது. சன்ஸ்கிரீனும் அந்த அளவுக்குக் குறையும். பவளங்களுக்குத் தீங்கு என்று கருதப்படும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை உறிஞ்சும். வெப்பக் கடலிலும் நடுக்கம் வந்தால் ஏறிவிடுங்கள்.

படி 6: பவளத்தின் மேல்

கண்ணாடி வழியே எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், ஆகவே பார்த்த மீனின் நீளத்தைப் பிறரிடம் சொல்லும்போது கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள். ஓரிடத்தில் அசையாமல் மிதந்தால் ‘கறுக்முறுக்’ என்று ஒரு சத்தம் கேட்கக்கூடும். கிளிமீன்கள் அலகு போன்ற பற்களால் பவளப்பாறையைச் சுரண்டுகிற ஓசை அது. சுரண்டியது பிறகு வெண்மணலாகப் பின்வழியே கொட்டுவதையும் காணலாம்.

எதையும் தொடாதீர்கள், எதன் மேலும் நிற்காதீர்கள். பவளம் உயிருள்ள விலங்குகளின் கூட்டம்; உருண்டைப் பவளங்களில் பலவும் ஆண்டொன்றுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. உங்களுக்கும் ஆபத்துண்டு: பாறையோடு பாறையாகக் கிடக்கும் கல்மீனின் முதுகு முட்களில் கடும் விஷம், அழகான கூம்புச் சங்குக்குள் விஷ ஈட்டி.

திரும்பியதும் மாஸ்க்கை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஸ்கூபா (காற்று உருளையோடு ஆழத்தில் மூழ்குவது) செய்தவர்களைப் போல விமானம் ஏறக் காத்திருக்கத் தேவையில்லை, கடைசி நாள் காலையிலும் இறங்கலாம்.