அழுகைக் காட்சிக்குத் தயாராவது எப்படி

சீரியலில் வசனம் கடைசி நேரத்தில்தான் கைக்கு வரும். வரிவரியாக உருப்போடாதீர்கள். எதிரில் நடிப்பவர் முடிக்கும் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் போதும், உங்கள் வசனம் தானாக வரும்.

கிளிசரினைக் கண்ணுக்குள் விடவே கூடாது. எரிச்சலில் முகம் கோணிவிடும். கன்னத்தில் ஒரே ஒரு சொட்டு வையுங்கள். கெட்டியாக இருப்பதால் மெதுவாக இறங்கும், சீக்கிரம் காயவும் காயாது.

பிறகு கையைக் கவனியுங்கள். அதே காட்சியைக் குளோசப்பில் மறுபடி எடுப்பார்கள். எந்த வார்த்தையில், எந்தக் கையால் துடைத்தோம்? நான் நடிக்க வந்த ஆரம்பத்தில் ஒருமுறை வைடில், அதாவது தூரத்திலிருந்து எடுத்த ஷாட்டில் இடது கை, குளோசப்பில் வலது கை. இரண்டும் பொருந்தாததால் எடிட்டிங்கில் அந்த குளோசப்பே போய்விட்டது. நான் மனசு விட்டு அழுத ஷாட் அது. இன்றும் வலிக்கிறது. அன்றிலிருந்து வசனத் தாளில், துடைக்கும் வார்த்தைக்குப் பக்கத்தில், வலது கை என்றால் 'வ' என்று பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்.