தோழியோடு சேர்ந்து ஒரு கிறிஸ்தவ நாவல் எழுத

முதல் நாளே ஒருவருக்கொருவர் வெட்டும் உரிமையைக் கொடுத்துவிடுங்கள். தோழி எழுதியதில் பிரசங்கமாகத் தெரிகிற எந்தப் பத்தியையும் நீங்கள் வெட்டலாம், உங்களுடையதை அவள் வெட்டலாம். காரணம் கேட்கக்கூடாது. கிறிஸ்தவ எழுத்தாளர் ஒருவர் தனியாக எழுதினாலே நடுவில் போதகர் வந்து உட்கார்ந்துகொள்வார். இருவர் எழுதும்போது ஒருவரைப் பார்த்து மற்றவருக்கும் அந்த ஆசை வந்துவிடும். ஆனால் அதைப் பிடித்து நிறுத்த இன்னொரு கண்ணும் கூடவே இருக்கிறது. சேர்ந்து எழுதுவதில் நான் பெரிதாக மதிக்கிற லாபம் அதுதான்.

நான் ராமநாதபுரம் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) சபை, மண்டபத்தில் ஆசிரியை. என் தோழி பாம்பன், கத்தோலிக்கக் குடும்பம், அவள் அப்பாவுக்கு நாட்டுப்படகு. தனுஷ்கோடியிலிருந்து 1964 புயலுக்குப் பின் பாம்பனுக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதையைத்தான் எழுதுகிறோம். எழுத உட்காருமுன் ஜெபிக்கிறோம். அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வாள், நான் கண்ணை மூடிக்கொள்வேன். கதை யாருக்குச் சொந்தம் என்ற எண்ணம் அதில் கொஞ்சம் தணிகிறது, அதனால் இதை விட்டுவிடாதீர்கள்.

கணவன் கடலிலிருந்து திரும்பாத இரவில் எங்கள் கதாநாயகி என்ன செய்வாள் என்று எழுதும் முன்பே பேசினோம். தோழி சொன்னாள்: "அக்கா, எங்க தெருவுல அந்த நேரத்துல யாரும் வசனம் சொல்லமாட்டாங்க. அந்தோணியார்கிட்ட சண்டை போடுவாங்க." அந்த அத்தியாயம் அப்படியே அமைந்தது. ஆறுதல் சொல்லாமல் அத்தியாயத்தை முடித்தால் விசுவாசத்துக்குக் குறைவு என்று தயங்குகிறவர்கள் 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். இருளில்தான் முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. பாத்திரத்தின் விசுவாசம் பாத்திரத்துக்கு உரியது. அவள் ஜெபமாலை உருட்டுகிறவள் என்றால், சி.எஸ்.ஐ.காரியான நான் அதைத் தொட மாட்டேன். எங்கள் இருவருக்கும் இடையிலான உபதேச விவாதத்தை அவள் வாயில் திணிக்கவும் மாட்டேன்.

வேலையை எப்படிப் பிரிப்பது? அத்தியாயத்துக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றி எழுதினால் தையல் தெரியும். பாத்திரங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். தாய் வரும் பகுதிகளின் முதல் வரைவு என் தோழியுடையது, ஊருக்கு வரும் ஆசிரியரின் பகுதிகள் என்னுடையவை. இரண்டாம் வரைவில் மாற்றிக்கொள்கிறோம்: அவள் எழுதியதை நான் முழுக்கத் திரும்ப எழுதுவேன், நான் எழுதியதை அவள். கோப்பு கூகுள் டாக்ஸில் ஒன்றே ஒன்று, திருத்தம் பரிந்துரையாக மட்டும். கடல் பேச்சு வரும் இடங்களில் அவள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறாள், நான் கேட்டு எழுதுகிறேன். ரோமர் நிருபத்தைப் பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு 16ஆம் அதிகாரத்தில் தன் பெயரில் ஒரு வாழ்த்தும் சேர்த்திருக்கிறார். அந்த வசனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்புறம் காலக்கோடு. இதில் சோம்பல் கூடவே கூடாது, ஏனென்றால் இருவர் மனதில் இரண்டு காலண்டர் ஓடும். ஒரு நோட்டில் வருடவாரியாக எழுதுங்கள். புயல் 1964 டிசம்பர் 22 இரவு, 23 விடியலுக்குள் ஊரை அழித்தது. 22 செவ்வாய்க்கிழமை, ஆகவே அன்று காலை ஞாயிறு பூசை வரக்கூடாது. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தது, வீடுகளில் அதற்கான வேலை நடந்திருக்கும். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனதும் அந்த இரவில்தான். அடுத்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 18. புயலுக்குப் பின் இலங்கையின் தலைமன்னாருக்குப் போகிற பாத்திரம் ராமேஸ்வரத்தில்தான் கப்பலேற வேண்டும், தனுஷ்கோடியில் அல்ல. மீன்பிடித் தடைக்காலம் 2001க்கு முன் கிடையாது. முதலில் 45 நாள், 2017 முதல் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதுவும் விசைப்படகுக்கு. காற்றையும் குறித்துவையுங்கள்: தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும்போது வடகடல் (பாக் நீரிணை). நவம்பரில் வடகடல் குளம் மாதிரி கிடந்தது என்று எழுதினால் பாம்பன்காரர் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார்.

சொற்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பூசையா ஆராதனையா, குருவைச் சாமி என்பதா ஐயர் என்பதா என்பதைப் பாத்திரத்தின் சபை தீர்மானிக்கட்டும். கதை சொல்கிற குரலுக்கு மட்டும் ஒரே வழக்கு. வேத வசனம் வந்தால் பழைய மொழிபெயர்ப்பா, 1995 திருவிவிலியமா என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

இனி சொல்வதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஜெபக் குறிப்பாக, அதாவது ஜெபிக்கச் சொல்லி, உங்களிடம் சொல்லப்பட்ட எதையும் கதையில் வைக்காதீர்கள். பெயரை மாற்றினாலும் வேண்டாம். பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி தன் மகனைப் பற்றி அழுதது கடவுளிடம் சொன்னது, நாம் பக்கத்தில் இருந்தோம், அவ்வளவுதான். இந்தக் கரையில் எந்தப் படகு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், அவள் யார் என்று இரண்டு பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இருவரில் ஒருவருக்கு உறுத்தினாலும் அந்தக் காட்சி போக வேண்டும்.

பணமும் உரிமையும் பேசக் கூச்சப்படாதீர்கள். யார் எழுதியது எது என்று பிரிக்க முடியாதபடி சேர்ந்து எழுதியதை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கூட்டுப் படைப்பாகவே பார்க்கிறது. இருவரில் கடைசியாக இறப்பவருக்குப் பின் 60 ஆண்டு உரிமை நீடிக்கும், ஆகவே பிள்ளைகளுக்கும் இது சங்கதி. பெயர் வரிசை, ராயல்டிப் பங்கு, இருவர் கையெழுத்தும் இல்லாமல் யாருக்கும் கொடுப்பதில்லை என்பது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பதிப்பகத்துக்கு உரிமை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். நடுவில் பிரிய நேர்ந்தால் என்ன என்றும் அதிலேயே எழுதுங்கள். மாற்குவைக் கூட்டிப்போவதா என்ற விஷயத்தில் பவுலும் பர்னபாவும் பிரிந்தார்கள், இருவர் ஊழியமும் நிற்கவில்லை. மனஸ்தாபம் வந்தால் மத்தேயு 18:15தான் வழி: முதலில் தனியே, நேரில். சபையில் இன்னொருவரிடம் ஜெபிக்கச் சொல்லிப் புலம்புவதும் புறம் பேசுவதுதான்.

முழு வரைவு முடிந்ததும் மூன்று பேரிடம் கொடுங்கள்: உங்கள் சபையார் ஒருவர், கடலுக்குப் போகிறவர் ஒருவர், கிறிஸ்தவரல்லாத ஒருவர். எங்களுடைய மூன்றாமவர் பாம்பனில் என் தோழியின் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா. முதல் சில அத்தியாயங்களை இப்போதே வாசிக்கிறார். எந்தப் பக்கத்தில் தன்னை நோக்கிப் பிரசங்கம் வருவதாகத் தோன்றுகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடச் சொல்லியிருக்கிறோம். அப்படிக் கோடு விழுந்த பக்கங்களை இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து திருத்துங்கள். போனில் செய்ய வேண்டாம்.