ரூஃப் காங்கிரீட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு டேப்போட மேல ஏறுங்க

டைல்ஸ், எலிவேஷன் எல்லாம் அப்புறம் மாத்திக்கலாம், ஆனா காங்கிரீட் விழுந்துட்டா உள்ள கம்பி எப்படி கெடக்குன்னு யாராலயும் பாக்க முடியாது, அதனால முதல் நாளே சென்டரிங் (காங்கிரீட்ட தாங்குற பலகைத் தட்டு) மேல ஏறி நீங்களே ஒரு தடவ பாத்துருங்க.

முதல்ல கவர் பிளாக், அதாவது கம்பிக்கும் பலகைக்கும் நடுவுல இடைவெளி விட வைக்கிற சின்னக் கட்டை. கம்பி பலகையோட ஒட்டி கெடந்தா கொஞ்ச வருஷத்துல துருப்பிடிச்சு உப்பி, சீலிங் பேந்து பேந்து விழும். இந்த இடைவெளி ஸ்லாப்புக்கு 20 மி.மீ, பீமுக்கு 25, பில்லருக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 இருக்கணும். ஜல்லிய சொருகிட்டு "இதுவே போதும் சார்"னுவாங்க, ஒத்துக்காதீங்க. பால்கனி, சன்ஷேடுல மெயின் கம்பி மேலாப்புல வரணும், ஆளுங்க நடந்து நடந்து அது அமுங்கிப் போச்சுன்னா கம்பி இருந்தும் பிரயோஜனம் இல்ல, அடியில சேர் கம்பி (மேல் கம்பிய தூக்கிப் புடிக்க நாற்காலி மாதிரி வளைச்ச கம்பி) வைக்கச் சொல்லுங்க. பில்லர், பீம் கம்பிய சுத்திக் கட்டுற ரிங்கோட கொக்கி 90 டிகிரில நிக்காம 135 டிகிரிக்கு உள்பக்கமா மடங்கியிருக்கணும் (கம்பி கட்டுறவருக்கு இது புடிக்காது, நேரம் ஆகும்).

அடுத்தது தண்ணி, எங்க வீட்ல எனக்கு சண்டை வந்ததே இதுக்குத்தான். எம் 20 கலவை, அதாவது சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3, இதுக்கு ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு 30 லிட்டர்தான் உச்சம், மணல் ஈரமா இருந்தா அதையும் கழிக்கணும். தண்ணி ஜாஸ்தியானா தள்ளுறதுக்கு ஈஸி, ஆனா காஞ்சதும் உள்ள பூரா பொடி ஓட்டை, ஒழுகல் அங்கதான் ஆரம்பிக்கும். நான் பக்கெட்ட எண்ணிக்கிட்டே மிக்சர் பக்கத்துல நின்னேன், மேஸ்திரி ரெண்டு நாள் மூஞ்சி கொடுத்து பேசல.

காங்கிரீட் போட்ட மறுநாளே மேல பாத்தி கட்டி தண்ணிய தேக்கி வெச்சிருங்க. ஐஎஸ் 456 (காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி) கணக்குப்படி சாதா ஓபிசி சிமெண்ட்டுக்கு குறைஞ்சது 7 நாள், நம்ம வெயிலுக்கு 10, பிபிசின்னா (சாம்பல் கலந்த சிமெண்ட்) 14 நாள் விட்டா நல்லது. பலகைய தாங்குற முட்டு பிரிக்க அவசரப்படுத்துவாங்க, வாடகை ஓடுதும்பாங்க. 4.5 மீட்டர் வரைக்கும் உள்ள ஸ்லாப்புக்கு 7 நாள், அதுக்கு மேலன்னா 14, பீம் அடியில 14, பீம் 6 மீட்டர தாண்டுனா 21. இதெல்லாம் ஓபிசிக்கு, பிபிசிக்கு இன்னும் கொஞ்சம் விடணும், இன்ஜினியர கேட்டுக்கோங்க.

காத்து வெளிச்சத்துக்கு சீலிங் 2.75 மீட்டர், அதாவது 9 அடி. சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல ஜன்னல் பரப்பு தரையில ஆறுல ஒரு பங்கு, 120 சதுரடி ரூமுக்கு 20 சதுரடி. மாடிப்படி உயரம் 19 செ.மீ தாண்டக்கூடாது, கைப்பிடி சுவர் 1 மீட்டராவது வேணும். கரண்ட் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) மாட்டி, எலக்ட்ரீஷியன் போறதுக்கு முன்னாடி டெஸ்ட் பட்டன நீங்களே அமுக்கி ட்ரிப் ஆகுதான்னு பாத்துட்டு காச குடுங்க.