கடலோர ரோடுதானே என்று கிளம்பாதீர்கள்: கன்னியாகுமரி – கோவளம் சைக்கிள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடிகாலையில் கன்னியாகுமரியில் கிளம்பி முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம், கொல்லங்கோடு, பூவாறு வழியாகக் கடலை ஒட்டியே மிதித்துக் கேரளாவின் கோவளம் சேருவது சைக்கிள் குழுக்களுக்குப் பிடித்தமான ஒருநாள் பயணம். 80 கிலோமீட்டருக்கு மேல் வரும். தூரத்தைக் கேட்டு யாரும் மிரள்வதில்லை. ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் இதைவிடக் கூடுதலாக மிதித்தவர்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். கடலோரம்தானே, மேடு எங்கே வரப்போகிறது என்ற நினைப்போடு வருகிறார்கள். மற்ற தவறுகளுக்கெல்லாம் இதுதான் தாய்.

கிழக்குக் கரை மாதிரி இது தட்டையான கரை கிடையாது. முட்டத்தில் கலங்கரை விளக்கம் நிற்கும் இடத்தைப் பாருங்கள், பாறை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. மணக்குடியில் பழையாறு, கடியபட்டணம் பக்கம் வள்ளியாறு, தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி, பூவாற்றில் நெய்யாறு என்று வரிசையாக ஆறுகள் கடலில் சேருகின்றன. ஒவ்வொரு ஆற்றுக்கும் ரோடு இறங்க வேண்டும், இறங்கியதைத் திரும்ப ஏற வேண்டும். இடையில் செம்மண் மேடுகள் வேறு. ஒரு மேடு 20 மீட்டர், 30 மீட்டர் உயரம்தான் இருக்கும். ஊட்டி ஏறியவர் இதைப் பார்த்துச் சிரிப்பார். ஆனால் 25 மீட்டர் மேடு இருபது ஏறினால் 500 மீட்டர் ஆகிவிட்டது. ஊட்டி ரோட்டிலாவது ஒரே சீராக ஏறலாம், உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும். இங்கே பழகுவதற்குள் இறக்கம் வந்துவிடும், மூச்சு சமனாவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும்.

வழியில் டீக்கடையில் விசாரித்தால் "ஏத்தம் ஒண்ணும் இல்ல மக்கா, சும்மா போலாம்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பைக்கில் போகிறவர்களுக்கு அந்த மேடு தெரியவே தெரியாது. நடந்து மீன் விற்கும் அம்மாவிடம் கேளுங்கள், சரியான பதில் கிடைக்கும்.

குழுவாகப் போகும்போது இந்த மேடுகளில் நடக்கும் பெரிய தவறு, முன்னால் போகிறவரை விடாமல் ஒட்டிக்கொண்டு ஏறுவது. சமதளத்தில் அது புத்திசாலித்தனம். மணிக்கு 28, 30 கிலோமீட்டரில் போகும்போது காற்றைத் தள்ளுவதில்தான் பெரும்பங்கு பலம் செலவாகிறது. முன்னால் ஒருவர் காற்றை உடைத்துக் கொடுத்தால் பின்னால் வருபவருக்கு நல்ல மிச்சம். மேட்டில் வேகம் 10, 12க்கு விழுந்துவிடும். அந்த வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை, பலமெல்லாம் எடையைத் தூக்குவதில் போகிறது. அதாவது மேட்டில் ஒட்டிக்கொண்டு ஏறுவதால் மிச்சப்படுவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 58 கிலோ ஆளின் பின்னால் 85 கிலோ ஆள் அதே வேகத்தில் ஏற வேண்டுமென்றால், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பலம் போட வேண்டும். இரண்டு மேட்டில் அது தெரியாது. குளச்சல் தாண்டினதும் தொடை கல்லாகி நிற்கும்போது தெரியும்.

ஆகவே மேட்டில் குழு பிரியட்டும். அது ஒற்றுமைக் குறைவு ஆகாது. அவரவர் மூச்சுக்கு ஏற்ற வேகத்தில் ஏறி, உச்சியில் சேர்ந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் முதல் பாதி முழுக்க சரியான வேகம். உச்சியில் சேருவதிலும் ஒரு அநியாயம் நடக்கும், கவனித்திருப்பீர்கள். முன்னால் ஏறியவர்கள் ஐந்து நிமிடம் நின்று, தண்ணீர் குடித்து, செல்ஃபியும் எடுத்திருப்பார்கள். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்த அடுத்த நொடி "சரி, கிளம்பலாமா?" என்பார்கள். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு மட்டும் ஓய்வே கிடையாது. கடைசி ஆள் வந்தபிறகுதான் ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். குழுவில் பலமான ஒருவரைக் கடைசியில் வரச் சொல்லிவிடுங்கள், பஞ்சர் சாமானும் அவரிடமே இருக்கட்டும். சேரும் இடத்தையும் வளைவில் வைக்காதீர்கள். உச்சி தாண்டி, பின்னால் வரும் பஸ் டிரைவருக்குத் தூரத்திலிருந்தே தெரிகிற இடத்தில், தாரை விட்டு இறங்கி நில்லுங்கள்.

மேடு தொடங்கும் இடத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. உட்கார்ந்து மிதிப்பவர் திடீரென்று சீட்டை விட்டு எழுந்தால், அந்த நொடியில் சைக்கிள் கொஞ்சம் பின்வாங்கும். சில அங்குலம்தான். ஆனால் பின்சக்கரத்தை உரசுகிற மாதிரி யாராவது வந்துகொண்டிருந்தால் அது போதும். விழுவது பெரும்பாலும் பின்னால் வந்தவர்தான். எழுந்து மிதிப்பதற்கு முன் ஒரு குரல் கொடுங்கள். எழும்போது பெடலில் அழுத்தம் விடாமல் எழுந்தால் சைக்கிள் பின்வாங்காது. பின்னால் வருபவரும் தன் முன்சக்கரத்தை முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைத்துக்கொண்டு வரக் கூடாது. முன்னவர் ஒரு குழிக்கு ஒதுங்கினாலே கதை முடிந்தது.

கியரை மேட்டின் நடுவில், முழு அழுத்தத்தில் மிதிக்கும்போது மாற்றினால் செயின் கடகடவென்று அலறும், சில நேரம் கழன்று விழும். மேடு கண்ணில் பட்டதுமே மாற்றிவிட வேண்டும். முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் இருந்தால் இந்த ரோட்டுக்குத் தாராளம். கியரே இல்லாத வாடகை சைக்கிளில் இந்த வழிக்கு வருவது வீரம், வேறொன்றும் சொல்வதற்கில்லை.

இனி இறக்கம். மலைப்பாதை மாதிரி நீளமான இறக்கம் இங்கே இல்லாததால் பிரேக் சூடாகும் பிரச்சினை கிடையாது. இங்கே பிரச்சினை தரையில் கிடக்கிறது. இறக்கம் முடிகிற இடத்தில்தான் பெரும்பாலும் ஊர் இருக்கும், சில இடங்களில் காற்று அள்ளி வந்த கடல் மணல் ரோட்டின் ஓரத்தில் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். மீன் ஏலம் முடிந்து கிளம்பும் வண்டிகளின் பின்கதவிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டே போகும். வெயிலில் காய்ந்த ரோட்டில் அந்த ஒரு கோடு மட்டும் கறுப்பாக மின்னும். வெறும் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள், மீன் கழிவும் அதில் கலந்திருக்கும், வளைவில் அதன்மேல் சாய்ந்தால் டயர் நழுவும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம், விழிஞ்ஞம் என்று எந்தத் துறைமுகத்தை நெருங்கினாலும் அந்தக் கறுப்புக் கோட்டைத் தேடுங்கள். இறங்கும்போது முன்னவருக்கும் உங்களுக்கும் நடுவே மூன்று சைக்கிள் நீளமாவது இருக்கட்டும். வளைவுக்கு முன்பே, சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் போனபிறகு, அதுவும் மணல் மேல், முன் பிரேக்கை இறுக்குவதுதான் பலரைத் தரையில் சாய்த்திருக்கிறது. வெள்ளைப் பெயின்ட் போன வேகத்தடைகளும் உண்டு. முதலில் பார்த்தவர் "தடை!" என்று கத்த வேண்டும், கேட்டவர் பின்னால் வருபவருக்கும் கத்த வேண்டும். இறக்கத்தில் கையை எடுத்துச் சைகை காட்டத் தேவையில்லை, குரல் போதும்.

வெயில் ஏற ஏறக் கடற்காற்று பலக்கும். கோவளம் நோக்கிப் போகும்போது கடல் இடப்பக்கம். காற்றும் பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்தே வரும். பக்கக் காற்றுக்கு ஒதுக்கிடம் முன்னவரின் நேர்பின்னால் இருக்காது, வலது பக்கமாகச் சற்றுத் தள்ளி இருக்கும். நம் ஊரில் வலப்பக்கம் என்றால் ரோட்டின் நடு, அங்கே பஸ் வரும். வெளிநாட்டு ரேஸ் வீடியோ பார்த்துவிட்டு விசிறி மாதிரி விரிந்து மிதிக்க ஆசைப்படும் குழுக்கள் உண்டு. இந்த இரட்டைத் தடத்தில் அது வேண்டாம். ஒற்றை வரிசையில் காற்றை வாங்கிக்கொண்டே போக வேண்டியதுதான். அதற்காகத்தான் ஐந்தரைக்கே கிளம்புங்கள் என்பது, பாதித் தூரத்தைக் காற்று எழும்புவதற்கு முன்பே முடித்துவிடலாம்.

சாப்பாட்டில் நடப்பது இரண்டு விதத் தவறு. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கட்டன் சாயாவோடு கிளம்புவது ஒன்று. மதியம் குளச்சலில் மீன் குழம்போடு மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு அடுத்த மேட்டில் நெளிவது இன்னொன்று. இத்தனை மணி நேரம் மிதிப்பவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நேந்திரம்பழமும் இரண்டு கடலைமிட்டாயும் அந்தக் கணக்கில் அடங்கிவிடும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கன்னியாகுமரி மட்டிப்பழம் சட்டைப் பையில் நான்கு போட்டுக்கொள்ளத் தோதான அளவு, கடையில் தார் தாராகத் தொங்கும். பசித்தபிறகு சாப்பிடலாம் என்று இருக்காதீர்கள். கேரளா பக்கம் கடந்ததும் பழம்பொரி கண்ணைப் பறிக்கும், அதைக் கோவளம் போய்ச் சேர்ந்தபிறகு சாப்பிடுங்கள்.

இந்தக் கரையில் வெப்பத்தைவிடப் புழுக்கம்தான் ஆளை வாட்டும். வியர்வை ஆவியாகாமல் வழிந்து போகும், உடம்பு குளிராது, உப்பு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல் என்று வேறு தொந்தரவு வரும். உப்புப் போட்ட எலுமிச்சை சோடா எல்லாப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. ஓஆர்எஸ் பொட்டலம் வைத்திருந்தால் அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள், ருசிக்காகக் கெட்டியாகக் கரைக்காதீர்கள்.

எல்லைக்கு வருவோம். நீரோடிதான் கடலோரத்தில் தமிழ்நாட்டின் கடைசி ஊர், அந்தப் பக்கம் பொழியூர். மேப்பில் பார்த்தால் கரையை ஒட்டியே நேராகப் பூவாறு போய்விடலாம் போலத் தோன்றும். கடலரிப்பில் ரோடே அறுந்துபோன இடங்கள் இந்தப் பகுதியில் இருக்கின்றன. அதைத் தாண்டினாலும் நெய்யாற்றின் முகத்துவாரம் குறுக்கே நிற்கும், அங்கே படகுதான் உண்டு. கொல்லங்கோட்டிலேயே உள்பக்கம் திரும்பி, பூவாற்றுப் பாலத்தைக் குறிவைத்துப் போங்கள். களைத்த கால்களோடு மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வரும் கொடுமை இருக்காது. அப்புறம், கேரளாவில் ஹர்த்தால் அறிவித்திருக்கிறார்களா என்று முந்தின இரவே பார்த்துவிடுங்கள். வண்டி இல்லாத ரோடு சைக்கிளுக்குச் சொர்க்கம்தான், ஆனால் ஒரு சோடா கூடக் கிடைக்காது.

நாள் பார்ப்பதும் முக்கியம். மாசியில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடை விழா நடக்கும் நாட்களில் அந்த ரோட்டில் சைக்கிளை உருட்டக்கூட இடமிருக்காது. ஞாயிறு காலை திருப்பலி முடியும் நேரத்தில் கடற்கரை ஊர்களில் ரோடே ஜனங்களுடையது. மணியடித்து விரட்டாமல் இறங்கி நடந்து போங்கள். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழைக் காலம், காற்றும் ஈரமும் சேர்ந்துகொள்ளும். டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை தோதான காலம்.

கொதித்த உடம்போடு வழியில் கடலில் இறங்கிக் குளிக்கும் பழக்கத்தை மட்டும் யார் சொன்னாலும் வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கரை செங்குத்தாக ஆழமாகும். வானம் தெளிவாக இருக்கும்போதே தூரக் கடலிலிருந்து பேரலை வந்து ஏறும், கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். ஊர்க் கிணற்றில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

பூவாறு தாண்டியதும் முடிந்தது என்று நினைத்து மிச்சமிருக்கும் பலத்தைக் கொட்டிவிடாதீர்கள். சொவ்வரை, ஆழிமலை, விழிஞ்ஞம் பகுதியில் பாறை மேடுகள் மறுபடி எழும்பும், துறைமுகத்துக்கு வந்துபோகும் கனரக லாரிகளும் இருக்கும். கோவளம் கடற்கரை வரை இறங்கிவிட்டால் மெயின் ரோட்டுக்குத் திரும்பி ஏற வேண்டும், அந்த ஏற்றம் கூட்டத்தில் பாதிப்பேரைத் தள்ள வைக்கும். திரும்ப வண்டி ஏற்பாடு செய்திருந்தால், அதை மேலே சந்திப்பிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, சைக்கிள்களை ஏற்றியபிறகு கடலைப் பார்க்க நடந்து இறங்குங்கள்.

அன்று இரவே சைக்கிளுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். உப்புக் காற்றும் மணலும் செயினில் ஒட்டியிருக்கும், இரண்டு நாள் விட்டால் துரு பிடிக்கும். துடைத்து, நன்றாகக் காயவைத்து, அதற்கப்புறம் எண்ணெய் விடுங்கள். ஈரத்தின் மேலேயே எண்ணெய் விட்டால் மணலும் சேர்ந்து குழம்பாகிப் பல்லைத் தேய்த்துவிடும்.