நினைவாற்றல் சோதனை மதிப்பெண்ணை யாரோடு ஒப்பிட்டுப் படிப்பது?

வீட்டிலுள்ள முதியவருக்கு நினைவாற்றல் சோதனை செய்து, '30க்கு 21' என்று எழுதிய அறிக்கை கைக்கு வந்ததும், 21 குறைவா என்று கேட்பதற்கு முன்னால், அது யாருடைய மதிப்பெண்ணோடு ஒப்பிடப்பட்டது என்று கேட்க வேண்டும். காய்ச்சலுக்கு இருப்பதுபோல எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு நினைவாற்றலுக்குக் கிடையாது. ஒரு குழுவினரிடம் அதே சோதனையை நடத்தி, அவர்கள் எடுத்த மதிப்பெண்களைக் கொண்டு தயாரித்த ஒப்பீட்டு அட்டவணைதான் இங்கே அளவுகோல்.

முதலில் படிப்பைப் பாருங்கள். 1975இல் வெளியான, 30 மதிப்பெண்ணுக்கு நடத்தும் எம்.எம்.எஸ்.இ. என்ற நினைவாற்றல் சோதனையில் 24க்குக் கீழே வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். ஆனால் அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்டவர்களிடம் திரட்டி 1993இல் வெளியிட்ட அட்டவணையில், ஒன்பது ஆண்டுகளாவது பள்ளியில் படித்தவர்களின் இடைநிலை மதிப்பெண், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது, 29. ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை படித்தவர்களுக்கு 26. நான்கு ஆண்டு அல்லது அதற்கும் குறைவாகப் படித்தவர்களுக்கு வெறும் 22. 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, ஒரு வாக்கியம் எழுதுவது, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது எல்லாம் அந்தச் சோதனையில் உண்டு. சிக்குக் கோலத்தைப் புள்ளி பிசகாமல் சுற்றி முடிக்கிற பாட்டி, பழக்கமில்லாத பென்சிலைப் பிடித்துக்கொண்டு ஐங்கோணத்தின் நான்காவது மூலையில் தயங்கி நின்றால் அதை மறதி என்று எப்படிச் சொல்வது? 2005இல் வந்த, இதேபோன்ற மோகா என்ற சோதனை, 12 ஆண்டு வரை படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுக்கிறது. பள்ளிப் பக்கமே போகாதவருக்கும் பிளஸ் டூ முடித்தவருக்கும் அதே ஒரு மதிப்பெண்தான் என்பதால், இதைப் போதுமான ஈடாக நான் கருதவில்லை.

தவறு எதிர்ப்பக்கத்திலும் நேரும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 25 எடுத்தால் 24 என்ற வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டார் என்று அனுப்பிவிடுவார்கள். அவரைப் போலப் படித்தவர்களோடு ஒப்பிட்டால்தான் அவரிடம் ஏற்பட்டிருக்கும் சரிவு கண்ணில் படும்.

வயதையும் இப்படியே சரிபார்க்க வேண்டும்.

அடுத்து, கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்துச் சொற்களைப் படித்துக்காட்டிச் சற்று நேரம் கழித்துக் கேட்டபோது முதியவர் மூன்றைச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பீட்டுக் குழுவின் சராசரி 5, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 1.5 என்றால், அவர் சராசரியிலிருந்து 1.33 விலக்கம் கீழே இருக்கிறார். பலர் எல்லையாகக் கொள்ளும் 1.5 விலக்கத்தை அவர் தொடவில்லை. அதே மூன்று சொற்களை, சராசரி 6, திட்ட விலக்கம் அதே 1.5 உள்ள வேறொரு குழுவோடு ஒப்பிட்டால் அவர் 2 விலக்கம் கீழே போய்விடுவார். அவருடைய நினைவு மாறவில்லை, அட்டவணைதான் மாறியது. மேலும், இயல்பான பரவல் உள்ள, அதாவது பெரும்பாலோர் சராசரியை ஒட்டியும் சிலரே இரு ஓரங்களிலும் இருக்கும் குழுவில் நலமாக இருப்பவர்களிலேயே நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேர் 1.5 விலக்கத்துக்கும் கீழே விழுவார்கள். பத்துச் சோதனை செய்து ஒன்றில் மட்டும் குறைந்தால் பதறத் தேவையில்லை.

அட்டவணைக்குள்ளேயும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கும். முதியவர்களைத் திரட்டும்போது, வெளியே தெரியாத தொடக்கநிலை நோய் உள்ளவர்களும் சேர்ந்துவிட்டால், சராசரி தாழ்ந்து, விலக்கம் விரிந்து, உண்மையிலேயே நோய் தொடங்கியவர்கூட இயல்பானவராகத் தெரிவார். அதனால், சில ஆண்டுகள் பின்தொடர்ந்து, நோய் வந்தவர்களை நீக்கிய அட்டவணையா என்று மருத்துவ உளவியலாளரிடம் கேட்பது நல்லது.

பொருத்தமான அட்டவணையே இல்லையென்றால், குடும்பத்தார் சொல்வதற்கு எடை கூடுகிறது. சென்னையிலும் வேலூரிலும் ஆய்வு நடத்திய, 10/66 என்ற பன்னாட்டு மறதி நோய் ஆய்வுக் குழு, சோதனை முடிவோடு, முதியவரை அறிந்தவர்களிடம் கேட்ட விவரங்களையும் சேர்த்தே மறதி நோயைக் கணித்தது. மருந்து மாத்திரை, பணம், பழகிய வழி ஆகியவற்றில் ஓராண்டுக்கு முன் இருந்த நிலையையும் இன்றைய நிலையையும் எழுதிக் கொண்டுபோங்கள். மறுபடி சோதிக்கும்போது அதே மொழியில், ஆனால் வேறு சொற்பட்டியலில் நடத்தச் சொல்லுங்கள். பழைய பட்டியல் என்றால் பழக்கமே மதிப்பெண்ணை ஏற்றிவிடும். எந்த அட்டவணை, எந்த வயது, எத்தனை ஆண்டுப் படிப்பு என்பதை அறிக்கையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.